டாக்டர் தில்லைநாதனின் பாதங்கள்

ரங்கூனிலிருந்து வந்த டாக்டர் தில்லைநாதனின் பாதங்கள் திருப்பாதிரிப்புலியூரில் முதல் ஒரு வருஷம் தரையைத் தொடவே இல்லை. ரயிலை விட்டு இறங்கியபோதே பிளாட்பாரத்துக்கு ஒரு சாண் மேலேதான் நின்றார். அழைத்துப்போக வந்த மாமா மகன் பொன்னுரங்கம் முதலில் பெட்டியை வாங்கிக்கொண்டு, பிறகு கீழே பார்த்து, பயணக் களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். மாமா அறுபதுகளிலேயே பர்மாவை விட்டுக் கப்பலேறிக் கடலூர் வந்துவிட்டவர். அம்மா அங்கேயே தங்கி, பிறந்த பிள்ளைக்குத் தான் பார்த்தேயிராத சிதம்பரத்து நடராசரின் பேரை வைத்தார். பிள்ளை டாக்டரானார். ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்த வருஷம், தெருவில் அடிபட்டுக் கிடந்தவர்களுக்குக் கட்டுப் போட்டதற்காக அவரைத் தேடினார்கள். அம்மாவும் மனைவியும் முன்பே காலமாகிவிட்டிருந்தபடியால் தனியாளாகக் கிளம்பி வந்தார்.

பர்மாப் பட்டத்தை வைத்துக்கொண்டு இங்கே ஒரு மாத்திரைகூட எழுதித் தர முடியாது என்று தெரிந்தது. அதற்கு முதலில் குடியுரிமை வேண்டும், பிறகு பரீட்சை எழுத வேண்டும், எல்லாம் எப்போது கைகூடும் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பொன்னுரங்கம் அவரைத் தன் பாத்திரக் கடையில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தாலும் ஸ்டூலுக்கும் அவருக்கும் நடுவில் காற்று போனது. தெருவில் கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம் மேல் தட்டிலிருக்கும் அண்டாக்களை எடுத்துத் தரச் சொன்னார்கள். பொன்னுரங்கத்தின் மனைவி சௌந்தரம் மட்டும் அவர் தட்டில் சோற்றைக் கூடுதலாக வைத்துப் பார்த்தார். எடை ஏறியதே தவிர ஆள் இறங்கவில்லை.

ஆடி மாசத்தில் திருவந்திபுரத்திலிருந்து குக்கர் வாங்க வந்த ராசம்மாள் என்கிற அம்மாள், விலை கேட்டுக்கொண்டிருக்கும்போதே வியர்த்துச் சரிந்தார். தில்லைநாதன் காற்றிலேயே நகர்ந்துபோய் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த மாத்திரத்தில் அவருடைய குதிகால் இரண்டும் சிமெண்டுத் தரையில் வந்து இடித்தன. வலித்தது. அந்த வலியை ரசிக்க நேரமில்லை. ஆட்டோவில் ஏற்றி, பிடித்த கையை விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மாரடைப்பு என்று சொல்லி டூட்டி டாக்டர் ஜான்சி வேலையைத் தொடங்கியபோது, ஊசி ஏற்றுவதற்கு அந்த அம்மாளின் கையை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தவரும் அவர்தான். ராசம்மாள் பிழைத்துக்கொண்டார். கட்டிலில் மாற்றிப் படுக்க வைத்து, பிடித்த கையை எடுத்ததும் தில்லைநாதன் மறுபடி ஒரு சாண் எழும்பினார். ஜான்சி அதை ரத்த அழுத்தம் ஏறுவதைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, அவருடைய கதையை முழுதாகக் கேட்டார். சிதம்பரத்தில் மருத்துவருக்கு உதவியாளராகப் படிக்க ஒரு கோர்ஸ் இருக்கிறது, பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகளோடு உட்கார வேண்டியிருக்கும் என்று மெதுவாகச் சொன்னார்.

வீட்டில் சௌந்தரத்துக்குத்தான் பொறுக்கவில்லை.

"டாக்டருக்குப் படிச்சவரு நீங்க. இன்னொரு டாக்டருக்கு எடுபிடியா போறதாண்ணே? எங்க வூட்டுல ஒரு வாய் சோத்துக்கா பஞ்சம்?"

"உங்க சோத்துலதான் உசுரோட இருக்கேன் தங்கச்சி, அத மறக்க மாட்டேன்" என்றார் தில்லைநாதன். "ஆனா நோயாளி கையப் புடிச்சாத்தான் என் காலு கீழ படுது. யாருக்குக் கீழ வேல பாத்தா என்ன? எனக்கு நிக்கணும்."

சௌந்தரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எந்த ரயிலில் போவதாக இருக்கிறார் என்று கேட்டார்.

பாசஞ்சர் ரயிலில் போய்வந்தார். கூடப் படித்த பிள்ளைகள் அங்கிள் என்றார்கள். பின்னால் இருப்பவர்களுக்குக் கரும்பலகை மறைக்கக் கூடாதென்று காலைத் துண்டால் பெஞ்சோடு கட்டிக்கொண்டு, தான் ஒரு காலத்தில் ரங்கூனில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த எலும்புகளின் பேர்களை மறுபடி மனப்பாடம் செய்தார். அவரைவிட இளைய ஆசிரியர் ஒருவர் சங்கடப்பட்டபோது, தெரிந்ததையே திரும்பக் கேட்பது பசித்தவனுக்கு மறுசோறு மாதிரி என்று சமாதானம் சொன்னார். முதல் நாள் வார்டுக்குள் போய் ஒரு கிழவரின் நாடியைப் பிடித்தபோது, மொசைக் தரையின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறிக் கண் கலங்கியது. சாயங்காலம் நடராசர் கோயிலுக்குப் போனார். கேட்பதற்கு ஒன்றும் தோன்றவில்லை. அம்மா பார்க்காததையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

படிப்பு வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறார். போன வாரம் பரங்கிப்பேட்டையிலிருந்து பக்கிரி என்கிற மீனவர் படகு எஞ்சினின் விசிறி வெட்டிய காலோடு வந்தார். காயத்தைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம், "நீங்கதான் டாக்டருங்களா?" என்று கேட்டார்.

"டாக்டரம்மா வந்துகிட்டு இருக்காங்க. நான் கூட நிக்கிறவன்."

"அப்ப கொஞ்சம் கிட்டவே நில்லுங்க" என்று பக்கிரி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தையல் போட்டு முடியும்வரை தில்லைநாதன் நகரவில்லை. நின்று நின்று அவருக்குக் கால் கடுத்தது. நன்றாகவே கடுத்தது.

டூட்டி முடிந்து வெளியே வரும்போது வழக்கம்போலத் தரையை விட்டு ஒரு சாண் எழும்பினார். ஆட்டோக்காரர் அண்ணாந்து வானத்தைப் பார்த்துவிட்டு, மழை வர்ற மாதிரி இருக்கு, சீக்கிரம் போங்க சார் என்றார்.