எட்டாவது மாடிக் கூடம்

"அக்கா, அக்டோபர் மூணாவது சனிக்கிழமை செபமாலை உங்க வீட்டுல. பேர் எழுதியாச்சு" என்று பங்குக் கோவில் வாசலில் லாசரஸ் சொன்னபோது அல்போன்சம்மாள் சரியென்று தலையாட்டிவிட்டாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் யோசித்தாள். இருபது பேர் வந்தால் எங்கே உட்காருவார்கள்?

சிங்கப்பூர் அங் மோ கியோவில் அந்த வீவக அடுக்குமாடி வீடு கிடைத்து ஐந்து வருடமாகிறது. மகள் கல்யாணமாகி ஜொகூருக்குப் போய்விட்டாள். வீட்டில் அவளும் கணவர் ஆம்ப்ரோஸும் மட்டும்தான். ஆனாலும் கூடத்தில் ஒரு ஆள் நடக்கத்தான் வழி. இரண்டு பக்கமும் பிஸ்கட் டின்கள், மைலோ டப்பாக்கள், மகளின் பள்ளிப் புத்தகங்கள், கால் உடைந்த நாற்காலிகள், துணி மூட்டைகள். எல்லாம் செங்கல் மேல் பலகை போட்டு அடுக்கியவை.

அன்று சாயங்காலம் ஆம்ப்ரோஸ் துறைமுக வேலை முடிந்து வந்ததும் சொன்னாள்.

"முடியாதுன்னு சொல்லிடவா?"

அவர் செங்கற்களைப் பார்த்தார். "இது எட்டாவது மாடி, அல்போன்சா. இங்க தண்ணி வராது."

முன்பு பஃபலோ ரோட்டில் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். ஒரு டிசம்பர் மழையில் இடுப்பளவு தண்ணீர் புகுந்து, கல்யாணப் புடவையிலிருந்து மகளின் ஞானஸ்நானப் படம் வரை எல்லாம் போயிற்று. அதற்குப் பிறகு எதையும் தூக்கிப்போட அவளுக்கு மனசு வந்ததில்லை. அது தெரிந்துதான் இந்த மனுஷர் இத்தனை வருடம் வாய் திறக்கவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

"காராங்குனிக்காரரை வரச் சொல்லுங்க" என்றாள்.

பழைய சாமான் எடுக்கும் அந்தச் சீனர் இரண்டு நாள் வந்தார். அந்தக் கட்டட லிஃப்ட் சில மாடிகளில்தான் நிற்கும், எட்டாவது மாடியில் நிற்காது. மூவருமாக எல்லாவற்றையும் ஒன்பதாவது மாடிக்குத் தூக்கிப்போய் லிஃப்டில் கீழே இறக்கினார்கள். முதல் நாள் அவள் இரண்டு டின்களை வண்டியிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டாள். ஆம்ப்ரோஸ் தடுக்கவில்லை. மறுநாள் அவளே அவற்றைக் கொண்டுபோய்ப் போட்டாள். புத்தகங்களை மட்டும் மகளுக்கென்று ஒரு பெட்டியில் கட்டினாள்.

கூடம் காலியானதும் சந்தோஷம் வரவில்லை, பேசினால் எதிரொலித்தது. "வேற யாரோ வீட்டுக்கு நாம வந்த மாதிரி இருக்குங்க" என்று சுவரோரமாகவே நடந்தாள்.

சனிக்கிழமை இருபத்து மூன்று பேர் வந்தார்கள். சம்மணமிட்டு உட்கார்ந்து செபமாலை சொன்னார்கள், தேநீர் குடித்தார்கள். லாசரஸின் கைக்குழந்தை தரை முழுக்கத் தவழ்ந்தது.

மறுநாள் பூசை முடிந்து வந்து, மதியம் கூடத்தின் நடுவில் பாய் விரித்துச் சோறு வைத்தாள். இந்த வீட்டில் அவர் கட்டிலில் தட்டோடு உட்கார்ந்தும், அவள் அடுப்படியில் நின்றபடியும்தான் இதுவரை சாப்பிட்டிருக்கிறார்கள். இன்றைக்கு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஜன்னல் காற்று தாராளமாக வந்தது. அவளுக்கு மூச்சு இலேசாக இருந்தது.

அவர் சாப்பிடுவதைப் பார்த்தாள். கவளத்தை இடது பக்கமாகவே ஒதுக்கி மென்றார். கறித்துண்டைத் தொடவே இல்லை.

"பல் வலியா?"

"லேசா."

"எத்தனை நாளா?"

"நாலஞ்சு மாசம் இருக்கும்."

அவளுக்குக் கண் கலங்கியது. "நாளைக்கு லீவு போடுங்க. பல் டாக்டர்கிட்ட போவோம்."

"ஆகட்டும்லா" என்றார் அவர்.

அவர் தட்டிலிருந்த கறியை அவள் தன் தட்டுக்கு மாற்றிக்கொண்டு, உருளைக்கிழங்கை நன்றாக மசித்து அவர் சோற்றோரம் வைத்தாள்.