தண்டுக்கு வெளியே நின்றவர்

1.
இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. எழுபத்திரண்டில், கடம்பத்தூரில் ரயிலேறிய ஒருவர் என் கதையைப் படித்துவிட்டு, "நொண்டுது சார்" என்றார். நீங்கள் கதை எழுதியிருக்கிறீர்களா என்று கேட்டேன். "அந்தப் பேஜாரு எனக்கு இன்னாத்துக்கு?" என்று வேப்பம்பட்டில் இறங்கிப் போயே போய்விட்டார்.

2.
'கும்மிடிப்பூண்டி உருக்காலையில் சாலமோன், கொதிக்கும் இரும்பை…' வேண்டாம். நான் உருக்காலைக்குள் கால் வைத்ததில்லை. (பெருமாள் வாகனம் தூக்கியதும் இல்லை. ஆனாலும் அதைத்தான் எழுதப்போகிறேன். வெட்கமே கிடையாது.)

3.
திருவள்ளூர் எம்பாருக்கு வாய்தான் வேலை. வாகனம் தூக்குகிறவர்களின் நடையைப் பார்த்து, யார் தோள் சரியில்லை என்று சொல்லிவிடுவார். கோயில் பெரியவர்களும் ஆளை மாற்றிவிடுவார்கள். கருடசேவைக்கு முன்தினம், மணல்மூட்டை ஏற்றி வெள்ளோட்டம். வாகனத்தைத் தாங்கும் தண்டுகளில், இடப்பக்க முன்தண்டில் தேவராஜன், அவனுக்குப் பின்னால் தம்பி கோபால்.

"இடப்பக்கம் ஆடறது. தேவராஜன் லாயக்கில்லை" என்றார் எம்பார்.

அது தேவராஜனின் அப்பா தோள்கொடுத்த இடம். அவனுக்கு அதுதான் உயிர். கத்தினான்:

"எம்பார் ஸ்வாமி, உம்ம தோள் துண்டைத் தவிர எதையாவது சுமந்திருக்கா? வாரும், ஒரு வீதி தூக்கும். அப்புறம் பேசும்!"

வீதியே சிரித்தது. எம்பார் துண்டை இடுப்பில் வரிந்துகட்டிக்கொண்டு, தேவராஜனின் இடத்தில் தண்டுக்கடியில் நுழைந்தார்.

[இங்கே எம்பார் குப்புற விழுந்து, புத்தி வந்து, தேவராஜன் காலை… இந்த வரியை அடித்துவிட்டேன். அது ரயில்காரர்மேல் எனக்கிருந்த ஆத்திரம்.]

4.
எம்பார் விழவில்லை. தோள் எரிய நடந்தார். ஆனால் நடை எங்கே தெரிகிறது? அவர் கண்ணில் பட்டதெல்லாம் தெருவும் எருமைச் சாணியும்தான்.

தேவராஜன் வீதியோரம், எம்பாரின் வழக்கமான இடத்தில் நின்றான். இத்தனை வருஷம் சுமந்தவன், வாகனம் அசைந்து வருவதை அன்றுதான் பார்த்தான். மேலே இருப்பது மணல்மூட்டை என்பதையும் மறந்து கன்னத்தில் போட்டுக்கொண்டான். அப்புறம்தான் கவனித்தான். இடப்பக்கம் ஆடியது. அவன் இல்லாமலே ஆடியது! பின்னால் கோபால் காலைப் பிசகாக வைத்துக்கொண்டிருந்தான்.

தண்டுக்கடியிலிருந்து எம்பார் கெஞ்சினார்: "ஓய், ஒண்ணும் தெரியலைங்காணும்! நடை எப்படி இருக்கு? சொல்லுமே!"

5.
முடிவு அ: தேவராஜன் உண்மையைச் சொல்கிறான். அவன் இடம் நிலைக்கிறது, தம்பி இடம் போகிறது.

முடிவு ஆ: "பிரமாதம்" என்கிறான். தம்பி தப்பிக்கிறான். ஆனால் முன்பு ஆடியது தன்னால்தான் என்று அவனே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. நீங்கள் சொல்லுங்கள். வாகனம் தூக்கியதில்லையா? கதை எழுதியதில்லையா? பரவாயில்லை, வாய் இருக்கிறதல்லவா? சீக்கிரம் மட்டும் சொல்லுங்கள். பதில் வராமல் தண்டை இறக்கமாட்டேன் என்று எம்பார் அடம்பிடிக்கிறார்.