தேன்பெட்டிக் கதை

ஆக்ஸெந்தே பர்சானுக்கு வாழ்க்கையில் என்ன குறை? நாற்பத்தைந்து வயதுக்குள் மூன்று நாவல், இரண்டு சிறுகதைத் தொகுப்பு, ஒரு அரசுப் பரிசு, சிபியு நகரத்தில் நல்ல அடுப்பு வைத்த வீடு. கட்சியில் டிராக்டரைப் பற்றி எழுதச் சொன்னார்கள், எழுதினார். சிமென்ட் ஆலையைப் பற்றி எழுதச் சொன்னார்கள், அதையும் எழுதினார். கூட்டம் போட்டுக் கைதட்டினார்கள். படித்தார்களா என்பது வேறு விஷயம். தன் எழுத்தில் உயிர் போய் வெகு நாளாயிற்று என்று அவருக்கே தெரியும். அந்த எண்ணம் அவரை உள்ளுக்குள் அரித்தது.

அந்த அரிப்புதான் வினையாகிப் போனது. ஸ்டாலின் செத்த வருஷம், கிறிஸ்துமஸுக்கு ஃபகராஷ் மலையடிவாரத்தில் இருக்கும் தங்கை சால்வினா வீட்டுக்குப் போயிருந்தார். அவள் புருஷன் இயெரோனிம் கம்யூனிஸ்ட் ஆட்சியை எதிர்த்துக் காட்டுக்குள் ஓடியவன். பிடிபட்டால் சுட்டுவிடுவார்கள், சோறு போட்டவளுக்குச் சிறை. தோட்டத்துத் தேன்பெட்டிகளில் ஒன்று காலி. அதற்குள் சால்வினா மக்காச்சோளக் களியும் உப்புக்கண்டமும் வைத்துவிட்டு வந்தாள், அவன் வந்து எடுத்துப் போக. பார்த்தவர் பேசாமல் இருக்கலாம் இல்லையா? ஊர் திரும்பியதும் அதைக் கதையாக எழுதினார்.

மனைவி லுக்ரேசியா படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "வேணாங்க. அடுப்புல போடுங்க."

"ஊர மால்டேவியாவுக்கு மாத்திட்டேன். காலத்த ராஜா காலமாக்கிட்டேன். தங்கச்சிக்குப் பதிலா நொண்டிக் கிழவன். இதுல எவன்டி என்னத்தக் கண்டுபிடிப்பான்?"

"அந்தக் காலிப் பெட்டிய மாத்தாம வச்சிருக்கீங்களே, அதத்தான் படிப்பான்."

அவர் கேட்கவில்லை. கதை பத்திரிகையில் வந்தது. எங்கே போனாலும் பாராட்டு. பிப்ரவரியில் ஒரு மத்தியானம், லுக்ரேசியா ரொட்டி வரிசையில் நிற்கப் போயிருந்தபோது, ரகசியப் போலீஸ் கேப்டன் மோகா வந்து கதவைத் தட்டினான். கையில் அந்தப் பத்திரிகை.

"பயப்படாதீங்க தோழரே, வாசகனாத்தான் வந்திருக்கேன்" என்று சிரித்தான். ஆக்ஸெந்தே பிளம் சாராயம் ஊற்றிக் கொடுத்தார்.

"கதை பிரமாதம். ஒரே ஒரு எடத்துல இடிக்குது. சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"நான் தேனீ வளர்த்த வீட்டுப் பிள்ளை. தேனீ இருக்கற பெட்டின்னா அந்தச் சூட்டுல வாசல் பனி உருகிடும். காலிப் பெட்டில அப்படியே கெடக்கும். தேட வந்தவன் ஒரே பார்வைல பிடிச்சிர மாட்டானா? டவுன்காரர் உக்காந்த எடத்துல கற்பனை பண்ணது அப்பட்டமாத் தெரியுதே! உங்க டிராக்டர் நாவல்லயும் இதே கோளாறுதான்."

ஆமாம், கற்பனைதான், தப்பாகிவிட்டது என்று தலையைச் சொறிந்திருந்தால் போதும். ஆக்ஸெந்தேயின் காது சிவந்தது. இத்தனை வருஷத்தில் எழுதிய ஒரே நிஜம். அதைப் போய்ப் பொய் என்கிறானே இந்தப் பயல்!

"கற்பனையா? காலிப் பெட்டி வாசல்லயும் காலைல வாத்து இறகால பனியத் தள்ளி விட்டா எவனுக்குத் தெரியும்? எல்லாப் பெட்டியும் ஒண்ணு போலத்தான் இருக்கும். என் கண்ணால பார்த்தேன்யா!"

அப்புறம்தான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

கேப்டன் நிதானமாகக் குடித்து முடித்தான். "வாத்து இறகு! அடடா, இதக் கதைல எழுதாம விட்டுட்டீங்களே."

"இல்ல... சின்ன வயசுல... எங்கயோ..."

"எங்கன்னு நான் கேட்டேனா? உங்களுக்கு ஒரே தங்கச்சிதானே?" தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

லுக்ரேசியா ரொட்டியோடு உள்ளே வந்தாள். "யாரு அந்த ஆளு? படியில எனக்கு வணக்கம் வேற வச்சிட்டுப் போறான்."

"வாசகர். கதைல ஒரு குறை இருக்குன்னார்."

"இருக்கட்டுமே! ஆமான்னு சொல்லி அனுப்ப வேண்டியதுதானே?"

ஆக்ஸெந்தே கேப்டன் குடித்த கோப்பையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள். ரொட்டி கீழே விழுந்தது.

"அடப்பாவி மனுஷா! என்ன சொல்லித் தொலைச்சீங்க?"

பதிலுக்குக் காத்திராமல் கீழே ஓடினாள். எங்கே ஓடி என்ன செய்ய? சால்வினாவின் ஊரில் தொலைபேசி கிடையாது, ரயில் நாளைக்குத்தான். ஆக்ஸெந்தே ஜன்னலுக்கு வந்தார். குளிரில் மக்கர் பண்ணிக்கொண்டிருந்த கேப்டனின் ஜீப் அப்போதுதான் கிளம்பி, போலீஸ் அலுவலகம் இருக்கும் பக்கம் போகாமல் மலைச் சாலையில் திரும்பியது. அதன் பின்னால், சால்வினாவின் பெயரைச் சொல்லிக் கத்தியபடி, லுக்ரேசியா பனியில் ஓடிக்கொண்டிருந்தாள்.