ஏழரை மணிக் கல்யாணம்

மேல்பல் செட்டைத் தண்ணீரில் நனைத்து, அப்பாவின் வாய்க்குள் வைத்து மெதுவாக அழுத்தினாள் மகள். தாடை விறைப்பதற்குள் போட்டுவிட வேண்டும். டக்கென்று உட்கார்ந்தது. உட்காராமல் எங்கே போகும்? பல்செட் செய்வதுதான் அவள் பிழைப்பு. இது அவளே அச்செடுத்துச் செய்தது. முதலில் போட்டபோது "குத்துதும்மா" என்று சிணுங்கினார். கழற்றித் தேய்த்தாள். மறுபடியும் குத்தியது, மறுபடியும் தேய்த்தாள். கடைசியில் நாக்கால் தடவிப் பார்த்துவிட்டு, "சரியாயிடுச்சு" என்றார்.

"போட்டாச்சா? ஆளுங்க வர ஆரம்பிச்சுட்டாங்க." அம்மா அறைக்குள் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றாள். "சிரிச்ச மாதிரியே இருக்காரு பாரு."

செட் போட்டால் எல்லார் முகமும் அப்படித்தான் இருக்கும். அதை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை.

பத்து மணிக்குமேல் வெளியூரிலிருந்து அத்தை வந்து இறங்கினாள், அப்பாவின் ஒரே தங்கை. அதற்குள் அம்மா, வந்தவர்கள் எல்லாரிடமும் ஒரே கதையைச் சொல்லிப் பழகியிருந்தாள். "நேத்து ஏழரை மணி சீரியலப் பாத்தாரு. கைதட்டினாரு. எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டுப் படுத்தாரு, காலைல எழுந்திருக்கல. நிம்மதியான சாவு."

"நானும் பாத்தேன் அண்ணி," என்று அத்தை மூக்கைச் சிந்தினாள். "கடைசில அந்த டாக்டர் பொண்ணுக்குப் புத்தி வந்துச்சே. அண்ணன் அதப் பாத்துட்டுதான் போயிருக்கு."

அந்த நிம்மதிதான் மகளுக்குக் குத்தியது.

ஒரு வருஷமாக ஓடும் சீரியல். அதில் ஒரு டாக்டர் பெண்ணும் பூக்கடைக்காரப் பெண்ணும் காதலித்தார்கள். கேலி இல்லை, அவர்கள் நடந்து வந்தால் கோமாளி இசை இல்லை. இரண்டு பேரும் காய் நறுக்கினார்கள், கரண்ட் பில்லுக்குச் சண்டை போட்டார்கள். டிவியில் இப்படி அவள் பார்த்ததே கிடையாது. அப்பா முதலில் சேனலை மாற்றினார். பிறகு மாற்றவில்லை. அப்புறம், "நம்ம பொண்ணுங்க வந்தாச்சு, டிவியப் போடு" என்று அவரே கூப்பிட ஆரம்பித்தார். போன வாரம் டாக்டரின் அப்பன் மகளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியபோது, இவர் நாற்காலியைவிட்டு எழுந்தேவிட்டார்.

"பெத்தவனாடா நீ? கதவத் தொறடா!"

அன்று மகள் தன் வீடு திரும்பி, டிரைவரம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். சந்தோஷ அழுகைதான். டிரைவரம்மா என்பது அப்பா வைத்த பட்டம். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள், பல வருஷமாக மகளோடு ஒரே வீட்டில் குடித்தனம் செய்கிறவள். அப்பா அம்மா கணக்கில் அவள் 'வாடகையில பாதி குடுக்கிற பொண்ணு'.

"சொல்லிடு," என்றாள் டிரைவரம்மா. "சீரியல் முடிஞ்ச கையோட சொல்லு, மனுஷர் இளகியிருப்பாரு. நான் கீழ கார்லயே இருக்கேன். மிஸ்டு கால் குடு, ஓடி வந்துடறேன்."

நேற்றுதான் அந்த நாள். டிவியில் டாக்டருக்குக் கல்யாணம். மாப்பிள்ளை எங்கிருந்தோ முளைத்த ஒரு இன்ஜினியர். "அது ஏதோ வயசுக் கோளாறு" என்று வெட்கப்பட்டுச் சிரித்தாள் டாக்டர். பூக்கடைக்காரி கல்யாணத்துக்குப் பூங்கொத்தும் கட்டிக் கொடுத்துவிட்டு ஊரைவிட்டுப் போனாள். ஒரு வருஷம் வளர்த்த பிள்ளைகளை அரை மணி நேரத்தில், நடுவில் சோப்பு விளம்பரத்தோடு, தீர்த்துக் கட்டிவிட்டார்கள். எழுதியவன் யார், எழுதச் சொன்னவன் யார் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பாள்.

அப்பா கைதட்டினார். "எல்லாம் சரியாயிடுச்சு" என்றார். அம்மா தட்டு கழுவப் போனதும் அவள் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"உனக்கும் சரியாயிடும்மா. எனக்குத் தெரியும். பல்லு மொதல்ல குத்தத்தானே செஞ்சுது? தேய்க்கத் தேய்க்க சரியாயிடும்."

தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் 'நம்ம பொண்ணுங்க' என்றிருக்கிறார். போன வாரம் கேட்டிருந்தால் கதவைத் திறந்திருப்பார். ஒரே வாரம். அவளுக்கு அவர்மேல் கோபமா, அந்த டிவிமேல் கோபமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. "வர்றேம்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். காரில் டிரைவரம்மா தலைவாரி, புதுச்சட்டை போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன, காலே வரல?"

"வண்டிய எடு."

சாயங்காலம் அமரர் ஊர்தி வந்தது. "உடம்புகூட வீட்டு ஆளுங்க மட்டும் ஏறுங்க," என்றார் வண்டிக்காரர். அம்மா ஏறினாள், அத்தை ஏறினாள், மகள் ஏறினாள். காலையிலிருந்து நாற்காலி இழுத்துப் போட்டு, காபி கொடுத்து, டம்ளர் கழுவிக்கொண்டிருந்த டிரைவரம்மா ஈரக்கையைத் துடைத்தபடி வந்து படியில் கால் வைத்தாள்.

"இது யாரும்மா?" என்று மகளைக் கேட்டாள் அத்தை.

அம்மா குனிந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அந்தச் சிரிப்போடு படுத்திருந்தார்.

"ஃப்ரெண்டு, அத்தை."

டிரைவரம்மா காலை எடுத்துக்கொண்டாள். "நான் பின்னாடியே கார்ல வந்துடறேன்," என்றாள். குரலில் ஒன்றும் தெரியவில்லை. கதவை அவளே சாத்திவிட்டாள்.

பின்கண்ணாடியில், கூரையில் எல் போர்டு வைத்த கார் கூடவே வந்தது. பெரிய சாலையின் சிக்னலில் மஞ்சள் விழுந்தது. வண்டிக்காரர் ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்து, வலப்பக்கம் திருப்பினார். மஞ்சள் என்றால் நிற்க வேண்டும் என்று ஊருக்கே சொல்லிக் கொடுக்கிறவள் நின்றுவிட்டாள்.

இவர்கள் திரும்பிய பக்கமாக, அவள் காரின் இண்டிகேட்டர் மினுக்கிக்கொண்டே இருந்தது.