பதினோராம் கட்டில் பிரஷர்

எனக்கு வாய் நீளம்னு இந்த வார்டுல எல்லாருக்கும் தெரியும். இருபத்திரண்டு வருஷமா நர்ஸா இருக்கேன். சாந்தமா சிரிச்சு, நெத்தியைத் தடவிக் குடுக்குற நர்ஸெல்லாம் காலண்டர் படத்துலதான் இருப்பாங்க. நான் அதட்டுவேன். அதட்டினாத்தான் மாத்திரை உள்ள போகும். அந்த அதட்டலும் ஒரே ஒரு ஆளுகிட்ட செல்லுபடியாகாமப் போச்சு. அதுதான் பதினோராம் கட்டில்.

ஆளு பஸ் டிரைவர். அம்பது வயசு, கதவை அடைச்சுக்கிட்டு நிக்கிற உடம்பு, மலைப்பாதையில இருபத்தாறு வருஷ சர்வீஸ், என்ஜின் சத்தத்துல இடது காது கொஞ்சம் மந்தம். அடிவயித்துல ஹெர்னியா. போன மாசம் ரெண்டு தடவை குடல் பிதுங்கி மாட்டிக்கிச்சு. ரெண்டு தடவையும் டாக்டர் உள்ள தள்ளி விட்டுட்டார். மூணாவது தடவை மாட்டுச்சுன்னா தள்ள முடியாது, குடல் அழுகிடும், உயிருக்கே ஆபத்துன்னு சொல்லி ஆபரேஷனுக்கு நாள் குறிச்சார். அந்த நாள்ல இந்த மகராசன் என்ன பண்ணினார்? ஆஸ்பத்திரி கவுனோட, முதுகுப்பக்க முடிச்சு அவிழ்ந்தது கூடத் தெரியாம, வாசல்ல நின்ன பஸ்ல ஏறி வீட்டுக்குப் போயிட்டார். கண்டக்டர் தெரிஞ்சவராம், டிக்கெட் கேக்கலையாம். அந்தப் பெருமை வேற.

இப்ப மறுபடியும் அவர் சம்சாரம் இழுத்துட்டு வந்து படுக்க வச்சிருக்காங்க. காலையில ஒம்பது மணிக்கு மயக்க மருந்து டாக்டர் வந்து பிரஷர் பாத்தார். நூத்தித் தொண்ணூத்தி நாலு.

"பத்தரைக்குள்ள நூத்தி அறுபதுக்குக் கீழ வரணும் சிஸ்டர். இல்லைன்னா இன்னைக்கு ஆகாது. அடுத்த இடம் மூணு வாரம் கழிச்சுத்தான்."

மூணு வாரம்! இந்த வயித்தை வச்சுக்கிட்டு மூணு வாரமா? அதுக்குள்ள ஏதோ ஒரு வளைவுல குடல் மாட்டிக்கிட்டா இவர் கதி என்ன, பின்னாடி உக்காந்திருக்கிற நாப்பது பேர் கதி என்ன?

"ஒண்ணும் ஆகாதுண்ணே. தைரியமா இருங்க"ன்னேன். பிரஷர் பட்டையைக் கையில கட்டிப் பாத்தேன். நூத்தித் தொண்ணூத்தி எட்டு.

"சிஸ்டர், இந்தக் கட்டில் சக்கரத்துக்கு பிரேக் பிடிக்கல"ன்னார். குனிஞ்சு பாத்தேன். நெஜமாவே பிடிக்கல. எனக்கு இன்னும் எரிச்சல் வந்துது.

சம்சாரம் உதவிக்கு வந்தாங்க. "ரெண்டு பிள்ளையும் பொறந்தப்ப நான் உள்ள கத்திக்கிட்டு இருந்தேன் சிஸ்டர். இந்த மனுஷன் வெளிய மயங்கி விழுந்து கிடந்தார். என்னை விட்டுட்டு எல்லாரும் இவருக்குத் தண்ணி தெளிச்சாங்க." வார்டே சிரிச்சுது. இருநூத்தி ஒண்ணு.

எதிர்க்கட்டில் பெரியவருக்கு இதே ஆபரேஷன் நடந்து மூணு நாளாச்சு. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையா, "இவ்வளவுதான் தம்பி"ன்னு சட்டையைத் தூக்கித் தையலைக் காட்டினார். இருநூத்தி ஏழு. பெரியவரைச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னேன்.

மணி ஒம்பதே முக்கால். பொறுமை போயிடுச்சு.

"ஏங்க, மலையில நாப்பது உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓட்டுற ஆளு! ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். அங்க இல்லாத பயம் இங்க மெத்தையில எங்கிருந்துங்க வருது?"

அவருக்கும் மூக்குக்கு மேல கோபம் வந்துடுச்சு. எழுந்து உக்காந்தார். "அங்க நான் ஓட்டுறேன் சிஸ்டர்! எங்க வளைவு, எங்க பள்ளம், எனக்குத் தெரியும். இங்க மல்லாக்கப் போட்டு, கூரையைப் பாக்க வச்சு, எங்கயோ தள்ளிட்டுப் போறீங்க. யார் ஓட்டுறாங்கன்னு தெரியல, எங்க திரும்புதுன்னு தெரியல. கேட்டா ஒண்ணும் ஆகாதுங்கறீங்க. ஒண்ணும் ஆகாதுன்னா எதுக்கு எங்கிட்ட மூணு கையெழுத்து வாங்கினீங்க?"

இருபத்திரண்டு வருஷத்துல யாரும் இப்படிக் கேட்டதில்ல.

"சரி, உங்க வண்டியில பயந்த ஆளு ஏறினா என்ன பண்ணுவீங்க?"

"முன் சீட்ல உக்கார வைப்பேன். வர்ற வளைவையெல்லாம் முன்கூட்டியே சொல்லுவேன். இப்ப இடது பக்கம் பெரிய வளைவு, கம்பியைப் பிடிச்சுக்கங்கன்னு. பயம் போகாது. ஆனா வாந்தி எடுக்க மாட்டாங்க."

டியூட்டியில நான் உக்காரவே மாட்டேன். அன்னைக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தேன்.

"கேளுங்க. இங்கிருந்து தள்ளிட்டுப் போறப்ப ரெண்டு திருப்பம், ஒரு லிஃப்ட். ஆபரேஷன் தியேட்டர் உள்ள குளிரும். அந்தக் கட்டில் ஒடுக்கமா இருக்கும், விழுந்துடுவோமோன்னு தோணும், விழ மாட்டீங்க. மூஞ்சியில ஒரு மாஸ்க் வைப்பாங்க, பிளாஸ்டிக் வாடை வரும். கையில மருந்து ஏறுறப்ப எரியும். அப்புறம் ஒரு மணி நேரம் உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. முழிக்கிறப்ப தொண்டை காஞ்சிருக்கும், எங்க இருக்கோம்னு புரியாது."

அவர் கேட்டார் பாருங்க கேள்வி! கரண்ட் போனா என்ன? டாக்டருக்குத் தும்மல் வந்தா என்ன? தெரிஞ்சதுக்குச் சொன்னேன். தெரியாததுக்கு டாக்டருக்கே போன் பண்ணிக் கேட்டேன். தும்மலுக்கு அவர் என்னைத் திட்டினார். கடைசியா டிரைவர் குரலைத் தாழ்த்தி, "செத்துப் போவேனா சிஸ்டர்?"ன்னார். இவ்வளவு நேரம் கேலி பண்ணிக்கிட்டிருந்த சம்சாரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

"இந்த ஆபரேஷனுக்கு நான் அனுப்பினவங்க நூத்துக்கணக்குல இருப்பாங்க. எல்லாரும் திரும்பி வந்தாங்க. ஒருத்தருக்கு மட்டும் தையல்ல சீழ் பிடிச்சு பத்து நாள் கூடுதலா இங்க இருந்தார். சத்தியம் பண்ண என்னால முடியாது. ஆனா இப்படியே வீட்டுக்குப் போனா ஆபத்து இதைவிட அதிகம். அது மட்டும் நிச்சயம்."

அவர் தானாவே கையை நீட்டினார். பத்து இருபத்தஞ்சு. நூத்தி அம்பத்தெட்டு.

"கிளம்புங்க, கிளம்புங்க, மறுபடி ஏறுறதுக்குள்ள!"ன்னு நான் போட்ட கூச்சல் அடுத்த மாடிக்குக் கேட்டிருக்கும்.

ஸ்ட்ரெச்சர்ல தலைப்பக்கத்தைத் தூக்கி வச்சேன், பாதை தெரியட்டும்னு. அது தப்பாப் போச்சு. "லெஃப்ட்ல ஒடிங்க... மெதுவா, மெதுவா... எதிர்ல சாப்பாட்டு வண்டி வருது, வழி விடுங்க!" தள்ளுறவர் பாதி வழியில நின்னுட்டார். "சிஸ்டர், வண்டி நான் ஓட்டணுமா, இவர் ஓட்டணுமா?"

தியேட்டர் வாசல்ல உள் நர்ஸ் வந்தா. என்னைவிட ரொம்பச் சின்னவ. ஃபைலை வாங்கி, "பதினொண்ணு, வலது பக்க ஹெர்னியா, பட்டினி, பல்செட் இல்ல. சரிக்கா"ன்னா. டிரைவர் என் மணிக்கட்டைப் பிடிச்சார்.

"நீங்க உள்ள வர மாட்டீங்களா?"

"இல்லண்ணே. என் எல்லை இது வரைக்கும்தான்."

முகம் வெளுத்துடுச்சு. "நடுவழியில டிரைவர் மாறுறப்ப நாங்க இப்படிச் சாவியை மட்டும் நீட்டிட்டுப் போக மாட்டோம் சிஸ்டர். பிரேக் எப்படிப் பிடிக்கும், எந்த கியர் இடறும், எல்லாம் சொல்லிட்டுத்தான் இறங்குவோம்."

சுருக்குன்னுச்சு. எத்தனை ஆயிரம் பேரை இதே வாசல்ல பார்சல் மாதிரி கை மாத்தி விட்டிருப்பேன்! வெக்கமா இருந்துது. ஃபைலைத் திருப்பி வாங்கினேன்.

"இங்க பாரு. இவர் பயப்படுறவர். எது செஞ்சாலும் முன்னாடியே சொல்லிட்டுச் செய். ஒண்ணும் ஆகாதுன்னு மட்டும் வாயைத் திறந்துடாதே, பிரஷர் எகிறிடும். கேள்வி கேப்பார். தெரிஞ்சா சொல்லு, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. இடது காது கொஞ்சம் மந்தம், வலது பக்கமா நின்னு பேசு."

அவ என்னை ஒரு மாதிரி பாத்தா. ஆனா கெட்டிக்காரி. வலது பக்கம் போய்க் குனிஞ்சு, "இப்ப உங்களைத் தள்ளப் போறேன். வாசல் நிலையில ஒரு சின்ன மேடு, லேசா குலுங்கும்"ன்னா.

அவர் என் மணிக்கட்டை விட்டார். ஸ்ட்ரெச்சர் நகரல. எல்லாரும் என்னையே பாத்தாங்க. அப்பதான் கவனிச்சேன், ஓரக்கம்பியை நான்தான் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்.

"கையை எடுங்க சிஸ்டர்"ன்னார் டிரைவர். "வண்டி கிளம்பணும்."

பன்னெண்டு மணிக்கு வெளிய வந்தார். அதுவரைக்கும் நான் யாரையும் அதட்டலைன்னு வார்டுல பேசிக்கிட்டாங்களாம். ரெண்டு மணிக்குக் கண்ணைத் திறந்தார். வலது பக்கமா நின்னு சொன்னேன்: "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. ராத்திரி வலிக்கும். மருந்து குடுப்போம், ஆனா முழுசாப் போகாது. நாளைக்குக் கொஞ்சம் குறையும்."

"எதுக்கு சிஸ்டர் இப்பவே பயமுறுத்துறீங்க"ன்னு சம்சாரம் என் கையை இடிச்சாங்க. நான் அடுத்த கேள்விக்குத் தயாரா நின்னேன்.

"சொல்லிட்டீங்கல்ல, போதும்"ன்னு கண்ணை மூடிக்கிட்டார். நான் பட்டையைக் கட்டுறதுக்குள்ள குறட்டை கேட்டுது.