மூன்றாம் மாடி ஸ்விட்ச்

கைப்பேசி மேசைமேல் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. மூன்றாம் மாடி ஸ்விட்ச், மெமரி பயன்பாடு எண்பத்தொன்பது சதவீதம். கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்க்கும் யூனிஸ் செய்தியைப் படித்துவிட்டு எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த பெரிய டிவியை நிமிர்ந்து பார்த்தாள். மருத்துவமனையின் எல்லா மாடி நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டிகளும் சின்னச் சின்னக் கட்டங்களாக அதில் வரிசைகட்டி நின்றன. எல்லாம் பச்சை. மூன்றாம் மாடியும் பச்சை. டிவியின் மேல்விளிம்பில் போன ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து உதிர்ந்து, குங்குமம் மட்டும் அழுக்குபோல ஒட்டியிருந்தது.

பொட்டு வைக்கச் சொன்னவர் முதலாளி முனிரத்தினம். பெருங்களத்தூர்ப் பக்கம் அவர் குடும்பம் நெல் விதைத்த நிலத்தில்தான் இந்த ஆஸ்பத்திரி நிற்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் வேட்டி சரசரக்க ஒவ்வொரு அறையாக வருவார். டிவி முன்னால் கொஞ்சம் அதிகமாகவே நிற்பார். ஒருநாள் ஒரு கட்டம் சிவந்திருந்தது. "இன்னாம்மா இது, செவப்பா கீது? ஆஸ்பத்திரில செவப்பு ஆவாதும்மா. பச்சையா வெச்சிக்க" என்றார். பச்சையாக வைக்கும் வேலையைக் கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர் சிவகுமார் அன்று மதியமே முடித்துவிட்டார். பெட்டிகளை அவர் தொடவில்லை. எந்த அளவு தாண்டினால் சிவப்பு காட்ட வேண்டும் என்ற எல்லையை மேலே தூக்கிவைத்தார். இப்போதெல்லாம் ஒரு ஸ்விட்ச் சாகும் தறுவாய்க்கு வந்தால்தான் அந்த டிவியில் நிறம் மாறும்.

ஒரு மாடியில் இருக்கும் கம்ப்யூட்டர், பிரிண்டர், திரை எல்லாவற்றின் வயர்களும் வந்து செருகிக்கொள்ளும் பெட்டிதான் ஸ்விட்ச். அதற்கும் ஒரு மூளை உண்டு, கொஞ்சம் மெமரி உண்டு. மூன்றாம் மாடிப் பெட்டிக்கு ஒரு வியாதி. எடுத்த மெமரியைத் திருப்பிக் கொடுக்காது. நாளாக நாளாக ஏறிக்கொண்டே போகும். நிரம்பினால் அப்படியே உறைந்துவிடும். அணைத்துப் போட்டால் பழையபடி ஆகிவிடும், ஐந்து நிமிட வேலை. ஆனால் மூன்றாம் மாடியில் இருப்பது ஐசியூ. ஒவ்வொரு படுக்கைக்கும் பக்கத்தில் இருக்கும் இதயத்துடிப்பு மானிட்டர் தன்பாட்டுக்கு ஓடும். கண்ணாடிக் கதவை மூடிவிட்டால் அதன் சத்தம் வெளியே வராது. நர்ஸ் மேசையில் இருக்கும் ஒற்றைத் திரையைப் பார்த்துத்தான் மொத்த ஐசியூவையும் கவனிக்கிறார்கள். அந்தத் திரைக்கு எல்லாம் போய்ச் சேரும் வழி இந்தப் பெட்டிதான். முன்கூட்டியே சொல்லி, படுக்கைக்கு ஒரு ஆளை நிற்கவைத்து, அதன்பிறகு அணைத்துப் போட வேண்டும். அதற்கு சிவகுமாரின் அனுமதி வேண்டும். யூனிஸ் கேட்டாள். இந்த வாரம் வேண்டாம் என்றார். மறுபடி கேட்டாள். ஆடிட் முடியட்டும் என்றார். அதற்கப்புறம் கேட்டதற்குப் பதிலே வரவில்லை.

எச்சரிக்கைச் செய்தி இப்படி அவள் ஒருத்தியின் கைப்பேசிக்கு மட்டும் வருவதற்குக் காரணம் அவளேதான். முன்பு எல்லோருக்கும் போய்க்கொண்டிருந்தது, முனிரத்தினத்துக்கும். ஒரு கூட்டத்தில் சிவகுமார், "நம்ம யூனிஸ் மேடம் ரூம்ல ஒரு டிவி இருக்கு. சீரியல் ஓடாத டிவி" என்றார். டாக்டர்கள்கூடச் சிரித்தார்கள். அவள் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, பெட்டிகளின் மூளையான சிபியு எவ்வளவு உழைத்தால் எச்சரிக்கைச் செய்தி போக வேண்டும் என்ற எல்லையைத் தரையோடு தரையாக இறக்கிவைத்தாள். தினமும் பேக்கப் ஓடும்போது சிபியு ஏறுவது சாதாரணம். அதற்கு யாரையும் எழுப்பத் தேவையில்லை. அன்றிலிருந்து பேக்கப் ஓடும் நேரமெல்லாம் எல்லோர் பையிலும் கைப்பேசி துடித்தது. படப்பையில் ஒரு மண்டபத்தில், பேத்தியின் நிச்சயதார்த்தத்தில், தட்டு மாற்றுகிற நேரத்தில் முனிரத்தினத்தின் சட்டைப்பைக்குள் அது நிற்காமல் அடித்ததாம். நிச்சயதார்த்தம் அன்றைக்கு என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எல்லையை மாற்றியிருக்க மாட்டாள். மறுநாள் அவளுடையதைத் தவிர எல்லா எண்களும் நீக்கப்பட்டன. அதோடு இன்னொன்றும் போயிற்று. அதற்குப் பிறகு அவள் எதைச் சொன்னாலும் அதுவும் வெறும் பேக்கப்தான் என்று நினைத்தார்கள்.

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு சிவகுமார் உள்ளே வந்தார். கையில் டீ. அவள் கைப்பேசி மறுபடி அதிர்ந்ததைப் பார்த்துவிட்டார்.

"என்ன மேடம், குழந்தை அழுவுதா?"

"மூணாவது மாடி. தொண்ணூத்தி ரெண்டு சார்."

அவர் திரும்பி டிவியைப் பார்த்தார். "பச்சையாத்தானே இருக்கு?"

"நீங்கதானே சார் பச்சையாக்குனீங்க."

டீயை ஒரு வாய் உறிஞ்சினார். பேச்சில் இருந்த மேடம் போய்விட்டது. "இதோ பாரு. போன தடவை முதலாளி முன்னாடி நின்னது நானு. நீ இல்ல. என் சம்சாரம் முன்னாடி, என் பொண்ணு முன்னாடி, மண்டபத்துல அத்தினி பேர் பாக்க கேட்டாரு, படிச்சவன்தானேடா நீன்னு. உன் மெசேஜுக்காக இன்னொரு தடவை நான் நிக்க மாட்டேன். இன்னிக்கு அந்தப் பெட்டியத் தொடாத. தொட்டா மெமோ."

"தானா விழுந்தா?"

"விழட்டும், பாத்துக்கலாம். அப்படி விழுந்தா உனக்கு சந்தோஷம்தானே?"

கதவு அவருக்குப் பின்னால் தானாக மூடிக்கொண்டது.   அவர் கடைசியாகக் கேட்டதற்கு ஒரு பதில் யூனிஸிடம் இருந்தது. அது அவளுக்கே பிடிக்காத பதில். விழட்டும் என்றுதான் அவளும் நினைத்தாள். விழுந்து, மாடி முழுக்க ஓட்டமும் சத்தமுமாகி, முனிரத்தினம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறி வந்து, இந்த ஆள் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்க வேண்டும். அந்தக் காட்சியைச் சில வாரங்களாகவே அவள் மனதில் ஓட்டிக்கொண்டிருந்தாள். கூடுவாஞ்சேரி ரயிலில் ஜன்னல் கம்பியைப் பிடித்து நிற்கும்போது, ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் கண்ணை மூடியிருக்கும்போதுகூட. அதில் சிவகுமார் இருந்தார், முனிரத்தினம் இருந்தார், சிரித்த டாக்டர்கள் இருந்தார்கள். படுக்கைகள் மட்டும் இல்லை.

தொண்ணூற்று நான்கு. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள், மூடினாள். தொண்ணூற்று ஐந்து.

ஐசியூ நர்ஸ் கீதா கைப்பேசியில் கூப்பிட்டாள். "யூனிஸ், எங்க ஸ்க்ரீன் திக்கித் திக்கி வருதுப்பா. நாலாம் நம்பர் பெரியவருக்குக் கோடு நின்னு நின்னு ஓடுது. உங்க சைடா, எங்க சைடா?"

"பாக்கறேன்."

"சீக்கிரம் பாரு. ஒரு அட்மிஷன் வருது, டேபிள்ல ரெண்டு பேருதான் இருக்கோம். சாயங்காலம் வரைக்கும் தாங்குமா?"

யூனிஸ் டிவியை நிமிர்ந்து பார்த்தாள். இப்போது சொல்லிவிட்டால் கீதா ஆட்களை நிற்கவைத்துவிடுவாள். பெட்டி யாருக்கும் தெரியாமல் விழும், யாருக்கும் ஒன்றும் ஆகாது. பார்த்தியா ஒண்ணும் ஆகல, என்று சிவகுமார் அடுத்த கூட்டத்தில் சொல்லுவார், மறுபடி சிரிப்பார்கள். சொல்லாவிட்டால் அவள் சொன்னது சரி என்று எல்லோருக்கும் தெரியும். அது தெரிவதற்கு, கண்ணாடிக்குப் பின்னால் யாராவது ஒருவர் கவனிப்பாரில்லாமல் கிடக்க வேண்டும். இவ்வளவு தெளிவாக அது மனதில் வந்து நின்றது. வேண்டாம் என்று அதைத் தள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. உடனே தள்ளியிருக்க வேண்டும். உடனே தள்ளவில்லை என்பதை அவள் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

"யூனிஸ், லைன்ல இருக்கியா?"

"கீதா, திரைய நம்பாத. படுக்கைக்கு ஒரு ஆள் நில்லுங்க. ஆள் பத்தலன்னா ஆயாம்மாங்களக் கூப்பிட்டுக்க. கண்ணாடிக்கு உள்ள போய் நில்லுங்க."

"சிவகுமார் சார் சொன்னாரா?"

"நான் சொல்றேன்."

லிஃப்டில் பார்வை நேரத்துக் கூட்டம். படியேறிப் போனாள். மூன்றாம் மாடியில் அவள் போய்ச் சேர்வதற்குள் ஒவ்வொரு கண்ணாடி அறைக்குள்ளும் ஒரு ஆள் நின்றது. நாலாம் நம்பரில் ஆயா கன்னியம்மா, பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீதா மேசையோரம் நின்றபடி ஒரு கண் திரையிலும் ஒரு கண் அறைகளிலுமாக இருந்தாள். வெளியே உறவுக்காரர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். யூனிஸின் மூச்சு அடங்குவதற்குள் சிவகுமார் வந்துவிட்டார்.

"யாரு இவங்கள நிக்க வெச்சது? பேஷன்ட் பயந்துட மாட்டாங்க? இல்ல, வெளிய நிக்கிறவங்கதான் பயப்பட மாட்டாங்க? உனக்கு ஷோ காட்டணும், அதுக்கு ஐசியூவா?"

அவள் கையில் கைப்பேசி அதிர்ந்தது. மூன்றாம் மாடி ஸ்விட்ச், பதில் இல்லை. படித்துவிட்டு அதைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். இழுக்கும் சத்தம் அந்த இடத்தில் பெரிதாகக் கேட்டது.

சிவகுமார் மேசைத் திரைப் பக்கம் திரும்பினார். "நாலாம் நம்பர். எழுபத்தெட்டு. கோடு என்ன அழகா இருக்கு பாரு. எங்க விழுந்துச்சு உன் பெட்டி?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாலாம் நம்பர் பெரியவர் ஆக்ஸிஜன் முகமூடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். கன்னியம்மா ஒரு கையால் அவர் முதுகைத் தடவிக்கொண்டே மறுகையால் முகமூடியைத் தேடினாள். அவள் வாய் அசைந்தது. மெதுவா நைனா, மெதுவா என்பதாக இருக்கலாம். அவர் தலைக்குமேல் இருந்த மானிட்டரில் எண்கள் நூற்றைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தன. அதன் கூவல் இங்கே வரவில்லை. பக்கத்து அறையில் நின்ற நர்ஸ் குறுக்கே ஓடி அந்தக் கதவுக்குள் நுழைந்தாள்.

கீதா அறையைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், யூனிஸைப் பார்த்தாள். சொல்ல வாயெடுத்தாள். யூனிஸ் தலையைச் சற்றே அசைத்தாள், வேண்டாம் என்று.

"பேச மாட்டியே. இப்ப பேசு" என்றார் சிவகுமார். குனிந்து, ஆள்காட்டி விரலைத் திரையில் வைத்தார். பெரியவரின் கோடு பாதி ஏற்றத்தில் உறைந்து நின்றிருந்தது. "இதோ, ஓடுதுல்ல? கண்ணு தெரியுதுல்ல?" என்று கேட்டபடி, விரலை அந்தக் கோட்டின்மேலேயே மெல்ல நகர்த்திக்கொண்டு போனார், ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, அது நின்ற இடம்வரைக்கும்.