அப்பா எடுத்த அழைப்பு

திரையின் மூலையில் அடுத்த செய்தி எட்டிப் பார்த்ததும் அலினா லேப்டாப்பைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். எதிர் நாற்காலியில் அப்பா ஜெயசீலன் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

செய்தி அண்ணன் ஜெர்சனிடமிருந்து. அம்மா ஜோசபினை ஐ.சி.யு.வில் சேர்த்ததிலிருந்து அவன்தான் ஆஸ்பத்திரியில் கிடந்தான். 'மூச்சு ரொம்பத் திணறுது. டாக்டர் உள்ளே கூப்பிட்டிருக்கார். அப்பாகிட்ட சொல்லாத.'

அப்பாவுக்குப் போன வருஷம்தான் இதயத்தில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அதிர்ச்சியான சேதி எதுவும் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால் ஆஸ்பத்திரிப் பக்கமே அவரை விடவில்லை.

அலினாவின் பழைய போன் கட்கி ரோட்டில் ஸ்கூட்டியிலிருந்து விழுந்த அன்று அதன் திரை போய்விட்டது. தொட்டால் எதுவும் அசையாது. ஆனாலும் மற்றதெல்லாம் ஓடிக்கொண்டிருந்ததால், சார்ஜரில் செருகி ஃப்ரிட்ஜ் மேல் போட்டுவிட்டு, அழைப்பு, செய்தி எல்லாவற்றையும் லேப்டாப்பிலேயே பார்த்துக்கொண்டாள். பிரசவம் முடிந்த பிறகு புதுசு வாங்கலாம் என்றிருந்தாள். ஒரே தொல்லை, யார் கூப்பிட்டுப் பேசினாலும் வீடு முழுக்கக் கேட்கும். நேற்றிலிருந்து ஹெட்போனைச் செருகி வைத்திருந்தாள்; மணி மட்டும் வெளியே அடிக்கும், பேச்சு கேட்காது.

"ஜெர்சன் என்ன சொல்லுதான்?"

"அம்மா தூங்குதாளாம் பா."

அவர் தலையை ஆட்டினார். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவளுக்குத் திக்கென்றது. நேற்றுவரை தோண்டித் தோண்டிக் கேட்டவர்.

அதன்பின் செய்தியே வரவில்லை. அவள் 'என்னாச்சு' என்று தட்டி அனுப்பினாள். பதில் இல்லை. மறுபடி அனுப்பினாள். வெளியே போபோடி சந்தில் யாரோ பைக்கை உதைத்து உதைத்து ஸ்டார்ட் செய்ய முயன்றுகொண்டிருந்தார்கள். சத்தம் சட்டென்று நின்றது. குக்கர் விசில் அடித்தது. அடுப்பை அணைக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

அவள் சமையலறையில் இருக்கும்போதுதான் ஹாலில் மணி அடித்தது. திரும்பி நடப்பதற்குள் நின்றுவிட்டது. அப்பாவின் குரல் மெல்லக் கேட்டது.

"ம்... சரி. நீ அழாத. நான் கூட்டிட்டு வாரேன்."

அவள் சமையலறை வாசலுக்கு வந்தபோது அவர் ஹெட்போனைத் தலையிலிருந்து கழற்றி மேஜைமேல் வைத்துக்கொண்டிருந்தார்.

"யாருப்பா?"

"கேஸ்காரன். நாளைக்கு சிலிண்டர் கொண்டாரானாம்."

கேஸ்காரனிடம் அப்பா மராத்தியில்தான் பேசுவார். அலினா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேட்க வாய் திறந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சமையலறைக்குள் நுழைந்து தட்டை எடுத்தார்.

"நேத்துலேருந்து நீ ஒண்ணும் சாப்பிடல. வயித்துல பிள்ளை கெடக்கு. உக்காரு. சாப்பிட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"நீங்களுமா பா?"

"நானுந்தான்."

அவள் உட்கார்ந்தாள். சோற்றை அவரே போட்டார். பக்கத்து வீட்டு ராஜஸ்ரீ கொடுத்தனுப்பிய மீன் குழம்பைச் சூடு பண்ணிக் கொண்டுவந்தார். மேஜைமேல் லேப்டாப் மறுபடி அடிக்கத் தொடங்கியது. அவர் எட்டி அதை மூடினார். ஃப்ரிட்ஜ் மேல் போன் மட்டும் கொஞ்ச நேரம் அதிர்ந்துவிட்டு ஓய்ந்தது.

ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்தாள். அப்பா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மீனில் முள்ளைப் பார்த்துப் பார்த்து எடுத்து, சதையை மட்டும் அவள் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டே இருந்தார். அவள் தலை நிமிராமல் சாப்பிட்டாள்.